கோழியின் கழிச்சலும் பூனையின் வாந்தியும்: ஒரே நோய்தானா?

தாராபுரம் பக்கம் தோட்டத்துச் சாளையில் மாமியாருடனும் மூன்று வயது மகனுடனும் குடியிருக்கும் வாசகி ஒருவர் விரிவான கடிதம் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு, கடிதத்தின் சாரத்தை முதலில் தருகிறேன்.

பொங்கல் கழிந்த வாரத்தில் அவருடைய கொழுந்தனார் வாரச்சந்தையில் ஒரு சேவலை வாங்கிவந்து, வீட்டில் இருந்த நாட்டுக்கோழிகளோடு சேர்த்து அடைத்திருக்கிறார்; அதோடு மொத்தம் நாற்பது கோழிகள். ஒரு வாரத்துக்குள் இரண்டு கோழிகள் இறகைத் தொங்கவிட்டுக்கொண்டு ஒடுங்கி, பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து செத்தன. பயந்துபோன வாசகி, டவுனிலிருந்து கழிச்சல் ஊசி மருந்தை வாங்கிவரச் செய்து, நோயுற்றவை, நல்லவை, ஒரு மாதக் குஞ்சுகள் என்று பாராமல் எல்லாவற்றுக்கும் ஒரே ஊசியால் போட்டிருக்கிறார். அடுத்த பத்து நாளில், முதலில் செத்த இரண்டையும் சேர்த்து, இருபத்தாறு உருப்படிகள் போய்விட்டன. சிலவற்றுக்குக் கழுத்து திருகிக்கொண்டதையும், சில குஞ்சுகள் காலை இழுத்துக்கொண்டு கிடந்ததையும் எழுதியிருக்கிறார். இதற்கு நடுவே, குழியிலிருந்து செத்த குஞ்சு ஒன்றை இழுத்துத் தின்ற ஏழு மாதப் பூனைக்குட்டி, நான்கு நாள் கழித்துத் தீனி எடுக்காமல் மஞ்சள் நுரையாக வாந்தியெடுத்து, தண்ணீர்க் கிண்ணத்தின் மேல் தலையைத் தொங்கவிட்டபடியே இருந்து, மூன்றாம் நாள் இறந்துவிட்டது. கோழிக்கு உருட்டிய மூலிகை உருண்டையையே பூனைக்கும் ஊட்டியிருக்கிறார். மருந்துக்கடையில் சொன்னதைக் கேட்டுக் காய்ச்சல் மாத்திரையில் பாதியையும் கொடுத்திருக்கிறார்.

இப்போது பதினான்கு கோழிகளும், இரண்டு பெரிய பூனைகளும், மூன்று மாதக் குட்டி ஒன்றும் மிச்சம். பூனைகளை ஆற்றுக்கு அக்கரையில் விட்டுவிட வேண்டும் என்கிறார் மாமியார். கோழிகளை வியாபாரிக்குத் தள்ளிவிட வேண்டும் என்கிறார் கொழுந்தனார். நோய் கோழியிலிருந்து பூனைக்கு வந்ததா, மருந்து கொடுத்துக் குட்டியைத் தானே கொன்றுவிட்டாரா, மாமியார் சொல்வதுபோல் ஊசிதான் கோழிகளைக் கொன்றதா, மீதியிருக்கும் ஊசி மருந்தைப் பூனைகளுக்குப் போடலாமா, எதிர்ப்பு சக்திக்கு டானிக் கொடுத்தால் மற்றவை தப்புமா, குழந்தைக்கு ஆபத்து உண்டா என்று கேட்டிருக்கிறார். இரண்டு வருடத்துக்கு முன் இன்னொரு பூனை வயிறு வீங்கி இறந்ததையும் நினைவுகூர்ந்து, “எங்கள் காட்டிலேயே ஏதோ நோய் குடியிருக்கிறதா?” என்று கலங்கியிருக்கிறார். கடைசிக் கோழி செத்து ஐந்து நாள்தான் ஆகிறது என்ற வரியும் கடிதத்தில் இருக்கிறது.

அன்புள்ள சகோதரி, அந்தக் கடைசி வரியிலிருந்தே நான் தொடங்க வேண்டியிருக்கிறது. நோய் இன்னும் உங்கள் வாசலில் இருக்கிறது. ஆகவே மற்றக் கேள்விகளுக்குப் போகுமுன், இன்றே செய்ய வேண்டிய ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் பறவைக் காய்ச்சல் இல்லை என்று உறுதிசெய்ய வேண்டும்

கோழியைத் தாக்கும் வைரஸ்களில் பெரும்பாலானவை பூனையை ஒன்றும் செய்வதில்லை. பெரிய விதிவிலக்கு, பறவைக் காய்ச்சலை உண்டாக்கும் எச்5என்1 வைரஸ். 2004இல் தாய்லாந்தின் ஒரு விலங்குக் காட்சியகத்தில் நோயுற்ற கோழிகளைப் பச்சையாகத் தின்ற புலிகள் கூட்டமாக இறந்தன. 2024இல் அமெரிக்காவில், நோயுற்ற கறவை மாடுகளின் காய்ச்சாத பாலைக் குடித்த பண்ணைப் பூனைகள் இறந்தன. நம் நாட்டிலும் 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் வீட்டுப் பூனைகளில் இந்த வைரஸ் கண்டறியப்பட்டது. கோழிகள் கூட்டமாகச் செத்து, அவற்றில் ஒன்றைத் தின்ற பூனையும் சில நாளில் இறந்தது என்று ஒருவர் சொன்னால், எந்தக் கால்நடை மருத்துவரும் முதலில் இதைத்தான் நினைப்பார், நினைக்கவும் வேண்டும்.

நீங்கள் எழுதியிருக்கும் அடையாளங்கள் அந்தப் பக்கம் அவ்வளவாகச் சாயவில்லை என்பது உண்மைதான். பறவைக் காய்ச்சல் வந்த பூனைக்குக் கடும் காய்ச்சல், மூச்சுத் திணறல், வலிப்பு, தள்ளாட்டம் ஆகியவை முன்னே நிற்கும். உங்கள் குட்டிக்கு வயிறுதான் முன்னே நின்றது. ஆனால் கோழிகளைக் கூட்டமாகக் கொல்லும் இன்னொரு வைரஸ் நோயான வெள்ளைக் கழிச்சலையும் பறவைக் காய்ச்சலையும் கோழியின் வெளித்தோற்றத்தை வைத்து மட்டும் யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. ஆய்வகச் சோதனைதான் சொல்லும். எனவே உங்கள் பகுதிக் கால்நடை மருந்தகத்துக்கு உடனே தகவல் கொடுங்கள். 1962 என்ற எண்ணிலும் அழைக்கலாம். இனி ஏதேனும் ஒரு கோழி செத்தால், அதைப் பையில் போட்டுப் பேருந்தில் எடுத்துச் செல்லாதீர்கள். மருத்துவர் வந்து மாதிரி எடுப்பார், அல்லது எங்கே, எப்படிக் கொண்டுவருவது என்று அவரே சொல்வார். உடுமலைப்பேட்டையிலும் நாமக்கல்லிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருப்பதால், பிரேதப் பரிசோதனைக்கும் சோதனைக்கும் நம் பகுதியில் வழியில்லாமல் இல்லை.

இப்படித் தெரிவிப்பது உங்கள் விருப்பத்தைப் பொறுத்தது மட்டுமன்று. கால்நடைகளின் தொற்றுநோய்த் தடுப்புக்கென 2009இல் இயற்றப்பட்ட மத்தியச் சட்டத்தின் பட்டியலில் பறவைக் காய்ச்சலும் வெள்ளைக் கழிச்சலும் இருக்கின்றன. பட்டியலில் உள்ள நோய் என்று சந்தேகம் வந்தால், தகவல் சொல்வதும் நோயுற்றவற்றைத் தனியே பிரித்து வைப்பதும் வளர்ப்பவரின் கடமை. தகவல் சொன்னால் எல்லாக் கோழிகளையும் பிடித்து அழித்துவிடுவார்கள் என்று கிராமங்களில் ஒரு பயம் இருக்கிறது. அழிப்பது என்பது பறவைக் காய்ச்சல் ஆய்வகத்தில் உறுதியான பிறகு நடப்பது. அதற்கு இழப்பீடும் உண்டு. வெள்ளைக் கழிச்சல் என்றால் அப்படி நடப்பதில்லை.

உங்கள் கோழிகளுக்கு வந்தது

பறவைக் காய்ச்சல் இல்லை என்று ஆகிவிட்டால், உங்கள் கடிதம் காட்டுவது பெரும்பாலும் வெள்ளைக் கழிச்சலையே. புதுச் சேவல் வந்து ஒரு வாரத்தில் தொடங்கியது, பச்சை வெள்ளைக் கழிச்சல், பிழைத்தவற்றுக்குக் கழுத்து திருகல் என்று எல்லாமே அதற்குப் பொருந்துகின்றன. 1920களின் பிற்பகுதியில் இங்கிலாந்தின் நியூகேசிலிலும், இமயமலைப் பகுதியின் ராணிக்கேத்திலும் இந்த நோய் விவரிக்கப்பட்டதால் அந்த இரண்டு ஊர்ப் பெயர்களிலும் இதை அழைக்கிறார்கள். வைரஸ் உடலுக்குள் போனபின் அடையாளம் தெரியப் பொதுவாக ஐந்தாறு நாள் ஆகும். இரண்டு நாளிலும் வரலாம், பதினைந்து நாள் வரையும் போகலாம். சந்தையில் துள்ளிக்கொண்டிருந்த சேவல் உங்கள் கொடாப்புக்குள் (கோழிக்கூட்டுக்குள்) வந்து நோயைக் கொடுத்தது இப்படித்தான். தை மாதத்தில் சந்தையிலும் சேவல்கட்டுக் களத்திலும் பல ஊர்க் கோழிகள் ஒன்றோடொன்று கலக்கின்றன; அந்த நாட்களில் வாங்கிய எந்தப் பறவையையும் மூன்று வாரமாவது தனியே கட்டிவைத்துப் பார்த்த பிறகே கூட்டத்தில் விட வேண்டும். உங்கள் கொழுந்தனார் மீது பழி போட இதைச் சொல்லவில்லை. அடுத்த முறைக்குத் தேவை என்பதால் சொல்கிறேன்.

இந்த வைரஸ் பூனையைத் தாக்கி நோய் உண்டாக்குவதாகக் கொள்ள இடமில்லை. மனிதருக்குச் சில நேரம் கண் சிவந்து நீர் வடியும். அது தானாகச் சரியாகும். உங்கள் மகனைக் கோழிக்கூட்டுப் பக்கம் இப்போதைக்கு விடாதீர்கள். கோழியைத் தொட்டவர்கள் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகே அவனைத் தூக்க வேண்டும். சோதனை முடிவு தெரியும் வரை வீட்டில் யாருக்காவது காய்ச்சலும் இருமலும் வந்தால், செத்த கோழிகளைக் கையாண்ட செய்தியை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பூனைக்கு வந்தது வேறு நோய்

வாந்தி, தீனி மறுப்பு, தண்ணீர் மேல் தலையைத் தொங்கவிட்டும் குடிக்காமல் இருத்தல், மூன்றே நாளில் மரணம், அதுவும் தடுப்பூசி போடாத இளம் பூனைக்கு. இவற்றைப் படித்தவுடன் எனக்குத் தோன்றுவது பூனைகளின் பார்வோ நோய். பேன்லூக்கோபீனியா என்பது அதன் மருத்துவப் பெயர். வேகமாகப் பெருகிக்கொண்டிருக்கும் செல்களைத் தேடிப் போய்த் தாக்குவது இந்த வைரஸின் இயல்பு. குடலின் உட்சுவரும் எலும்பு மஜ்ஜையும் அப்படிப்பட்ட இடங்கள். குடல் சுவர் சிதைவதால் வாந்தியும் கழிச்சலும் நீரிழப்பும் வருகின்றன. மஜ்ஜை பாதிக்கப்படுவதால் வெள்ளை அணுக்கள் சரிந்துபோகின்றன. எதிர்த்து நிற்க வேண்டிய படையே இல்லாத நேரத்தில், சிதைந்த குடல் வழியாகப் பாக்டீரியாக்கள் ரத்தத்தில் கலக்கின்றன. பூனையைக் கொல்வது பெரும்பாலும் நீரிழப்பும் இந்த ரத்தத் தொற்றும் சேர்ந்ததுதான்.

தொற்றிய சில நாட்களில், பெரும்பாலும் பத்து நாளுக்குள், இது வெளிப்படும். ஆகவே குஞ்சைத் தின்றதற்கும் நோய்க்கும் இடையே நீங்கள் கண்ட நான்கு நாள் இடைவெளி, தற்செயலாக ஒத்துப்போயிருக்கலாம். தோட்டத்துக்கு வந்துபோகும் வேறொரு பூனையின் மலத்திலிருந்து, மிதித்து வந்த செருப்பிலிருந்து, ஏன், பக்கத்துச் சாளையில் இரவல் வாங்கிய கூடையிலிருந்தும் இந்த வைரஸ் வந்திருக்க முடியும். உடலுக்கு வெளியே ஒரு வருடம்கூட உயிர்ப்போடு இருக்கக்கூடியது இது.

“நான்தான் கொன்றுவிட்டேனா?” என்ற உங்கள் கேள்விக்கு மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும். நீங்கள் மருந்து கொடுப்பதற்கு முன்பே குட்டி சோர்ந்து வாந்தியெடுத்துக்கொண்டிருந்தது. தடுப்பூசி போடாத குட்டிகளில் பலவற்றை இந்த நோய் தனியாகவே கொன்றுவிடும். அதே நேரத்தில், கொடுத்த இரண்டுமே பூனைக்கு நஞ்சு என்பதை மறைக்க எனக்கு உரிமையில்லை. கோழிக் கழிச்சலுக்குச் சீரகம், மிளகு, மஞ்சள், கீழாநெல்லி, வேப்பிலை, பூண்டு, சின்ன வெங்காயம் அரைத்து உருட்டுவது நம் பக்கத்தில் பரவலான கைமருந்து. கோழிக்கு அதனால் கேடில்லை. ஆனால் வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களை உடைத்துவிடும். மூன்று கிலோ எடையுள்ள பூனைக்குப் பதினைந்து கிராம் வெங்காயமே போதும். காய்ச்சலுக்கு நாம் சாப்பிடும் பாராசிட்டமால் இன்னும் மோசம். அதை முறித்து வெளியேற்றத் தேவையான நொதி பூனையின் ஈரலில் மிகக் குறைவு என்பதால், 500 மில்லிகிராம் மாத்திரையில் பாதியே ஒரு பூனையைக் கொன்றுவிடக்கூடும். தெரிந்து செய்ததல்ல, தவித்துப்போய் எதையாவது செய்து காப்பாற்ற வேண்டும் என்று செய்தீர்கள். பூனைக்கு அந்த மாத்திரை ஆகாது என்று மருந்துக்கடையில் உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். இந்த எச்சரிக்கையை நீங்கள் அக்கம்பக்கத்தில் நான்கு பேருக்குச் சொன்னால், நான்கு வீட்டுப் பூனைகள் பிழைக்கும்.

ஊசி கோழிகளைக் கொன்றதா?

ஓரளவுக்கு ஆம் என்பதே சரியான பதில். ஆனால் உங்கள் மாமியார் நினைக்கும் விதத்தில் இல்லை.

நோய் வந்தபின் போடும் தடுப்பூசி, உடலுக்குள் ஏற்கெனவே புகுந்துவிட்ட வைரஸைத் தொடுவதில்லை. பலவீனமாக்கிய வைரஸைக் காட்டி, இதை எதிர்க்கும் புரதங்களைத் தயார் செய் என்று உடலுக்குச் சொல்வதுதான் தடுப்பூசியின் வேலை. தயாராக ஒன்று முதல் இரண்டு வாரம் வரை ஆகும். உங்கள் கோழிகளில் பாதிக்கு மேற்பட்டவற்றுக்கு அந்த நேரம் கிடைக்கவில்லை. ஊசி போட்ட அன்றே வைரஸ் அவற்றுக்குள் இருந்தது. நோயுற்ற கோழிக்குக் குத்திய அதே ஊசியை நல்ல கோழிக்கும் குத்தியபோது, ஊசியே நோயைக் கொண்டுபோயிருக்கும். பிடிக்கும் கை, துரத்தும் கால், சிந்தும் எச்சம் எல்லாமே அன்று அதற்குத் துணை செய்திருக்கும்.

குஞ்சுகள் விஷயம் வேறு. வெள்ளைக் கழிச்சலுக்கு இருவகை உயிர்த் தடுப்பூசிகள் உண்டு. சிறு குஞ்சுகளுக்குக் கண்ணிலோ மூக்கிலோ சொட்டாக விடும் லசோட்டா, எஃப் ஆகிய வகைகள் மென்மையானவை. இறக்கைத் தோலடியில் ஊசியாகப் போடும் ஆர்2பி போன்ற வகை வீரியம் கூடியது; எட்டு வாரம் முடிந்த கோழிகளுக்கு, அதுவும் முன்பே சொட்டு மருந்து பெற்றவற்றுக்கு என்றே அது வைக்கப்பட்டிருக்கிறது. எதுவுமே பெறாத ஒரு மாதக் குஞ்சுக்கு இதைக் குத்தினால், தடுப்பூசி வைரஸே நரம்பைத் தாக்கிக் காலை இழுக்க வைக்கலாம். உங்கள் குஞ்சுகளில் சிலவற்றுக்கு நடந்தது இதுவாக இருக்கக்கூடும். ஆகவே மருந்து கெட்டது என்று ஒதுக்காதீர்கள். எந்த வயதுக்கு எந்த மருந்து என்று உங்களிடம் யாரும் சொல்லாமல் விட்டதுதான் இங்கே நடந்த தவறு.

இன்னொன்றையும் கேட்டுக்கொள்கிறேன். டவுனிலிருந்து மருந்து ஐஸ் பெட்டியில் வந்ததா, அல்லது பங்குனிக்கு முந்தைய நம் ஊர் வெயிலில் பைக் கவரில் வந்ததா? 2 முதல் 8 டிகிரிக் குளிரில் வைக்காத உயிர்த் தடுப்பூசி, குப்பிக்குள்ளேயே செத்துவிடும். கரைத்த மருந்தை இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். மீதியைப் பத்திரப்படுத்துவதில் பொருளே இல்லை. அதைப் பூனைகளுக்குப் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடாது. பூனையின் பார்வோவும் கோழியின் கழிச்சலும் உறவே இல்லாத இரண்டு வைரஸ்கள். ஒன்றுக்கான தடுப்பூசி மற்றொன்றுக்கு எந்தப் பாதுகாப்பும் தராது. மீதி மருந்தைக் கொதிக்கும் நீரில் போட்டு அழித்துவிடுங்கள்.

‘எதிர்ப்பு சக்தி டானிக்’ பற்றி

உங்கள் கடிதத்தில் நான் அதிக நேரம் நின்றது இந்தக் கேள்வியில்தான். எதிர்ப்பு சக்தி என்பது கூட்டினால் கூடும், குறைந்தால் டானிக் ஊற்றி நிரப்பலாம் என்ற எண்ணம் மாட்டுக்கும் கோழிக்கும் மனிதருக்கும் சேர்த்தே பரவியிருக்கிறது. நல்ல தீனி, சுத்தமான தண்ணீர், குடற்புழு நீக்கம், வைட்டமின் ஆகியவை உடலைத் தாங்கும். ஆனால் ஒரு குறிப்பிட்ட வைரஸுக்கு எதிரான பாதுகாப்பு, அந்த வைரஸையோ அதன் தடுப்பூசியையோ உடல் பார்த்த பிறகுதான் பிறக்கும்.

தாயிடமிருந்து வரும் பாதுகாப்பை முதலில் எண்ணிப் பாருங்கள். கோழி தன் எதிர்ப்புப் புரதங்களை முட்டையின் மஞ்சள் கருவில் வைத்துக் குஞ்சுக்குக் கொடுக்கிறது. பூனை பெரும்பகுதியைச் சீம்பாலில் கொடுக்கிறது. பிறந்த முதல் நாளுக்குள் குடித்தால்தான் அது குட்டியின் ரத்தத்தில் சேரும். இந்த இரவல் பாதுகாப்பு நாளாக ஆகக் கரைந்துபோகும்: குஞ்சில் சில வாரங்களில், குட்டியில் இன்னும் மெதுவாக. அது நிறைய இருக்கும் வரை, போடும் தடுப்பூசியையே அது அழித்துவிடும். அது குறைந்து, தடுப்பூசியை அழிக்கும் அளவுக்கு மிச்சமிருந்தும் நோயைத் தடுக்கப் போதாமல் இருக்கும் ஒரு இடைவெளிக் காலம் உண்டு. குட்டிக்கு ஒரே ஊசியோடு நிறுத்தாமல், ஆறு முதல் எட்டு வார வயதில் தொடங்கி மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை, பதினாறு வாரம் முடியும் வரை திரும்பத் திரும்பப் போடச் சொல்வது அந்த இடைவெளியை அடைக்கத்தான். “இரண்டு மாதத்தில் ஒரு ஊசி போட்டோமே, அப்புறமும் வந்துவிட்டதே” என்று வருவோரிடம் நான் இதைத்தான் விளக்குகிறேன். உங்கள் தாய்க் கோழிகளுக்கு ஒரு முறைகூடத் தடுப்பூசி போடவில்லை என்பதால், குஞ்சுகளுக்குக் கொடுக்க அவற்றிடம் பெரும்பாலும் ஒன்றும் இருந்திருக்காது.

கோழியில் இன்னொரு சிக்கலும் உண்டு. எதிர்ப்புப் புரதம் செய்யும் செல்கள் அதன் மலவாய்க்கு மேலே உள்ள ஒரு சிறு பையில்தான் முதிர்ச்சி அடைகின்றன. அந்தப் பையை நீக்கிய கோழிகளால் எதிர்ப்புப் புரதம் செய்ய இயலவில்லை என்பதை அமெரிக்காவில் புரூஸ் கிளிக்கும் அவருடன் இருந்தவர்களும் 1956இல் எழுதினார்கள். கம்போரோ நோயின் வைரஸ் நேரே அந்தப் பையைத்தான் அழிக்கிறது. மூன்று முதல் ஆறு வார வயதில் கம்போரோ வந்து பிழைத்த குஞ்சுக்கு, அதன்பின் கழிச்சல் ஊசி போட்டாலும் சரியாகப் பிடிக்காது. நாமக்கல் பண்ணைகளில் இதற்கெனத் தனி அட்டவணையே வைத்திருக்கிறார்கள். தோட்டத்துக் கோழிக்கு மட்டும் ஏன் வேண்டாம் என்று விடுகிறோம்?

உங்கள் பழைய பூனையின் வீங்கிய வயிறும் இங்கேதான் வருகிறது. நீங்கள் விவரித்ததைப் பார்த்தால் அது பூனைகளின் தொற்று வயிற்றுறை அழற்சியாக இருந்திருக்கலாம். சுருக்கமாக எஃப்ஐபி என்பார்கள். பூனைகளின் குடலில் பரவலாக இருக்கும் ஒரு கொரோனா வைரஸ் பெரும்பாலும் லேசான கழிச்சலோடு போய்விடும். சில பூனைகளில் மட்டும் அது உடலுக்குள்ளேயே உருமாறி, நோயை விழுங்கி அழிக்க வேண்டிய வெள்ளை அணுக்களுக்குள்ளேயே பெருகத் தொடங்குகிறது. அப்போது உடல் காட்டும் எதிர்ப்பே ரத்தக் குழாய்களைக் காயப்படுத்தி, அவற்றிலிருந்து கசியும் நீர் வயிற்றில் தேங்குகிறது. எதிர்ப்பைக் கண்மூடித்தனமாகத் தூண்டுவது எப்போதும் நன்மை என்ற நினைப்பு தவறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. முன்பு இது வந்தால் மரணம்தான். இப்போது ஜிஎஸ்-441524 என்ற மருந்தால் பல பூனைகள் பிழைக்கின்றன. கோழிக்கும் மூச்சுக்குழலைத் தாக்கும் கொரோனா நோய் ஒன்று உண்டு. ஆனால் பூனையுடையது கோழிக்கோ, கோழியுடையது பூனைக்கோ போவதில்லை. உங்கள் காட்டில் ஏதோ ஒன்று குடியிருந்து எல்லாவற்றையும் கொல்கிறது என்ற பயத்தை விட்டுவிடுங்கள். அந்தப் பூனைக்கு ஒன்று, இந்தக் குட்டிக்கு ஒன்று, கோழிகளுக்கு ஒன்று என மூன்றும் வெவ்வேறு நோய்களாகவே எனக்குப் படுகின்றன.

விற்பதும் கைவிடுவதும்

பதினான்கு கோழிகளை வியாபாரிக்குக் கொடுத்துவிடலாம் என்பதில் உள்ள வருத்தம் எனக்குப் புரிகிறது. நாட்டுக்கோழி விற்ற காசு தோட்டத்துப் பெண்களின் கைக்காசு; இருபத்தாறு போனபின் மிச்சத்தையாவது காசாக்க நினைப்பது இயல்பு. ஆனாலும் கொடுக்காதீர்கள். திடமாகத் தெரியும் கோழியும் வைரஸை எச்சத்தில் கழித்துக்கொண்டிருக்கலாம். உங்களுக்குச் சந்தையில் வந்த சேவல் எப்படி வந்ததோ, அப்படியே இவை இன்னொரு பெண்ணின் கொடாப்புக்குப் போகும். முடிவு தெரிந்து, கடைசி நோய் அடையாளம் மறைந்து ஒரு மாதமாவது கழியும் வரை உள்ளேயும் வெளியேயும் எந்தப் பறவையும் போகக் கூடாது. செத்தவற்றைப் பிஏபி (பரம்பிக்குளம்-ஆழியாறு) பாசன வாய்க்காலிலோ ஆற்றிலோ எறிவது குற்றம். நாயும் பூனையும் தோண்ட முடியாத ஆழத்தில், சுண்ணாம்பு தூவிப் புதைக்க வேண்டும். உங்கள் குட்டி குழியிலிருந்து குஞ்சை எடுத்திருக்கிறது என்றால் குழி ஆழம் போதவில்லை.

பூனைகளை அக்கரையில் விடுவதை மாமியாரிடம் பொறுமையாகப் பேசி நிறுத்துங்கள். பட்டினிக்கும் தாகத்துக்கும் ஆளாகும்படி வளர்ப்புப் பிராணியைக் கைவிடுவது, 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். தொற்றியிருக்கும் பூனையானால் போகுமிடமெல்லாம் நோயை விதைக்கும். பேரனுக்கு நோய் வந்துவிடுமோ என்பதுதான் அந்த அம்மாவின் பயம் என்று நினைக்கிறேன். பூனையின் பார்வோ மனிதருக்கு வராது என்பதை அவரிடம் உறுதியாகச் சொல்லலாம்.

மிச்சமிருப்பவற்றுக்கு

மூன்று மாதக் குட்டிதான் இப்போது அதிக ஆபத்தில் இருக்கிறது. மூன்று பூனைகளையும் வீட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள்; பச்சைக் கறி, குடல், செத்த பறவை எதையும் தின்னக் கொடுக்காதீர்கள். கால்நடை மருத்துவரிடம் நடந்ததைச் சொல்லி, அவை நலமாக இருந்தால் பார்வோவையும் இரண்டு சளி நோய்களையும் சேர்த்துத் தடுக்கும் கூட்டுத் தடுப்பூசியை இந்த வாரமே போடுங்கள். கோழி ஊசியைப் பற்றி மேலே சொன்னதற்கு இது முரண் இல்லை. இன்னும் தொற்றாத பூனைக்கு இந்த உயிர்த் தடுப்பூசி சில நாளிலேயே பாதுகாப்புத் தரத் தொடங்கும், ஏற்கெனவே தொற்றிய பூனைக்குத்தான் அது உதவாது. பெரிய பூனைகளில் ஒன்று சினையாக இருந்தால் முதலில் அதைச் சொல்லுங்கள், ஏனெனில் சினைக்கு உயிர்த் தடுப்பூசி கூடாது. வெறிநோய்த் தடுப்பூசியையும் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். அது உங்கள் மகனுக்காக.

வீட்டைக் கழுவுவதில் ஒரு வித்தியாசம் இருக்கிறது. கழிச்சல் வைரஸுக்கு வெளியே ஒரு கொழுப்பு உறை உண்டு; சோப்பும் சுண்ணாம்பும் வெயிலும் அதை அழிக்கும். கொடாப்பைக் காயவைத்து, எச்சத்தையும் பழைய வைக்கோலையும் எரித்து, தரைக்கும் சுவருக்கும் சுண்ணாம்பு அடியுங்கள். பார்வோ வைரஸுக்கு அந்த உறை இல்லாததால் சோப்பு போதாது. முதலில் அழுக்கைத் தேய்த்துக் கழுவிவிட்டு, ஒரு பங்கு ப்ளீச்சுக்கு முப்பத்திரண்டு பங்கு தண்ணீர் கலந்து பத்து நிமிடம் ஊற விட்டுக் கழுவ வேண்டும். பினாயில் வேண்டாம், பூனைக்கு அது நஞ்சு. இறந்த குட்டியின் கிண்ணத்தையும் படுக்கைத் துணியையும் எரித்துவிடுங்கள். புதுப் பூனை வேண்டுமென்றால் ஒரு வருடத்துக்கு, தடுப்பூசிகள் முழுவதும் முடிந்ததை மட்டுமே கொண்டுவாருங்கள்.

கோழிகளை மீண்டும் பெருக்கும்போது, ஏழாம் நாளில் கண்ணில் ஒரு சொட்டு லசோட்டா, பதினான்காம் நாளில் கம்போரோ, நான்காம் வாரத்தில் மீண்டும் லசோட்டா, ஆறேழு வாரத்தில் அம்மை, எட்டு வாரம் முடிந்தபின் ஆர்2பி ஊசி, அதன்பின் ஆறு மாதத்துக்கு ஒரு முறை என்ற வரிசையைச் சுவரில் எழுதி வையுங்கள். குப்பி ஒன்றில் நூறு கோழிக்கு மேல் போடும் அளவு இருப்பதால் ஒரு வீட்டுக்கு வாங்கினால் வீணாகும். அக்கம்பக்கச் சாளைக்காரர்கள் ஐந்தாறு பேர் ஒரே காலையில் சேர்ந்து போட்டால் செலவும் குறையும், நோய் சுற்றிவர இடமும் குறையும். கால்நடை பராமரிப்புத் துறை ஆண்டுதோறும் நடத்தும் இலவசக் கழிச்சல் தடுப்பூசி முகாம் பெரும்பாலும் பிப்ரவரியில் வரும். ஆனால் நோய் நடமாடும் உங்கள் கோழிகளை முகாம் கூட்டத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். மருத்துவரிடம் சொல்லி, அவரை வாசலுக்கே வரச் சொல்லுங்கள்.

அவர் வரும்போது சொல்வதற்காக இவற்றை ஒரு தாளில் குறித்து வையுங்கள்: சேவல் வந்த தேதி, முதல் கோழி செத்த தேதி, ஊசி போட்ட தேதியும் குப்பியின் மேல் உள்ள பெயரும், ஒவ்வொரு நாளும் செத்த எண்ணிக்கை, குட்டி தீனி நிறுத்திய தேதி. குப்பி இன்னும் இருந்தால் எறியாமல் வைத்திருங்கள். மருந்தை அழித்த பின்னும் அதன் மேல் ஒட்டியிருக்கும் சீட்டு அவருக்குத் தேவைப்படும்.